பழைய .264 வின்செஸ்டர் மேக்னம்: குழல் ஆயுளுக்குப் பயந்து விட்டுவிடலாமா?

#1 மலைச்சரிவு

வணக்கம். தெரிந்தவர் ஒருவர் தன் .264 வின்செஸ்டர் மேக்னம் வேட்டை ரைஃபிளை விற்கிறார். மாடல் 70, 26 அங்குலக் குழல். கட்டையில் நாலைந்து கீறல், போல்ட் மட்டும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஓடுகிறது. "நானூறு தோட்டா சுட்டிருப்பேன், அதற்கு மேல் இருக்காது" என்கிறார்.

எனக்கு வேட்டை என்றால் மான்தான். பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தப் பக்கம் சுடுவது. பெரும்பாலும் 150 கெஜம், எப்போதாவது 350. வருஷத்துக்கு 30, 40 தோட்டா செலவாகும்.

கூட வருகிறவர்களிடம் சொன்னதும் எல்லோரும் ஒரே பாட்டு: "அது குழல் தின்னி. ஆயிரம் சுடுவதற்குள் குழலின் உள்ளே குண்டைச் சுழற்றும் புரி காணாமல் போய்விடும். 6.5 கிரீட்மூர் வாங்கு." அவர்களில் ஒருவர்கூட .264 வைத்திருந்தவர் இல்லை. வைத்திருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். இந்தப் பயம் எவ்வளவு உண்மை? நானூறு என்பதை எப்படிச் சரிபார்ப்பது?

#2 பழையமுப்பது

.30-06 வாங்கு. அடுத்த கேள்வி?

#3 எண்கணக்கு

ஐயா ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் கொஞ்சம் நீட்டுகிறேன்.

குண்டு உரசி உரசித்தான் குழல் தேய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். செம்பு உறை போட்ட குண்டு எஃகைத் தேய்ப்பது சொற்பம். தேய்ப்பது நெருப்பு. தோட்டாவில் அடைத்த வெடிமருந்து எரியும்போது வாயுவின் வெப்பம் எஃகு உருகும் சுமார் 1,500 டிகிரியைத் தாராளமாகத் தாண்டிவிடும். குழல் உருகி ஓடாமல் இருப்பதற்குக் காரணம், அந்த நெருப்புக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. குண்டு 26 அங்குலக் குழலைக் கடக்க ஒன்றேகால் மில்லிவிநாடி போதும். ஆயிரம் தோட்டா சுட்டாலும் எல்லாம் சேர்த்து ஒன்றரை விநாடி ஆகாது. "ஆயிரத்தில் செத்துவிட்டது" என்று நாம் சொல்லும் குழல் வாழ்நாளில் வேலை செய்தது ஒரு தும்மல் நேரம்.

அந்த நேரத்துக்குள் எவ்வளவு நெருப்பு எவ்வளவு சின்னத் துளை வழியாகப் போகிறது என்பதுதான் கணக்கு. தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் எத்தனை கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) தண்ணீர் பிடிக்கும் என்று பார்த்து, அதைத் துளையின் குறுக்குப் பரப்பால் (சதுர அங்குலத்தில்) வகுத்தால் ஓர் எண் வரும். அது கூடக் கூடக் குழல் சீக்கிரம் தேயும். .308 வின்செஸ்டருக்குச் சுமார் 750. .30-06-க்கு 910. 6.5 கிரீட்மூர் 960. .243 வின்செஸ்டர் 1,160. 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் 1,300. உங்கள் .264 சுமார் 1,500. 26 நோஸ்லர் 1,700 பக்கம்.

அண்டாவில் இருக்கும் தண்ணீரைப் புனல் வழியாக ஊற்றுகிறீர்கள். அண்டா பெரிதாகிக்கொண்டே போகிறது, புனலின் வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. நண்பர்கள் பயமுறுத்துவதில் அர்த்தம் இருக்கிறது.

#4 பழையமுப்பது

910. பார்த்தாயா? 1906-இலேயே சரியான எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

#5 ஆயிரம்கெஜம்

போட்டிக்குச் சுடுகிறவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. எங்களுக்குக் குழல் என்பது டயர் மாதிரி. தேய்ந்தால் கழற்றி மாற்றுவோம், யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. 6 மி.மீ. கிரீட்மூரில் 1,500, 2,000 சுட்டதும் அடுத்த குழல் தயாராகிவிடும்.

ஆனால் நாங்கள் "குழல் போய்விட்டது" என்று சொல்லும் நிலையும் வேட்டைக்காரர் சொல்ல வேண்டிய நிலையும் வேறு. 100 கெஜத்தில் அரை அங்குலத்துக்குள் ஐந்து குண்டும் அடங்கிய குழல் முக்கால் அங்குலத்துக்கு விரிந்தால் நான் அதைக் கழற்றிவிடுவேன். அதே குழல் ஒன்றேகால் அங்குலத்துக்கு விரிந்த பிறகும் 350 கெஜத்தில் ஒரு மானின் மார்புக்கூட்டை விட்டு வெளியே போகாது. இணையத்தில் சுற்றும் ஆயுள் எண்களில் பாதி எங்களைப் போன்றவர்கள் எழுதியவை. அதை வைத்து வேட்டைக்காரர் பயப்பட வேண்டாம்.

#6 தரைஅணில்

எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எத்தனை சுட்டீர்கள் என்பதல்ல, எத்தனை நேரத்தில் சுட்டீர்கள்.

என் முதல் .22-250 ரைஃபிளை நானே கொன்றேன். தரை அணில்கள் மேடு மேடாகத் தலை நீட்டும் இடம். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தேன், பத்து மணிக்குப் பெட்டியில் இருந்த இருநூறும் காலி. நடுவில் குழலுக்கு மேலே கானல் எழுந்து ஸ்கோப்பில் அணில் நீச்சலடிப்பதுபோலத் தெரிந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். தண்ணீர் நனைத்த துணியைக் குழல் மேல் போட்டேன், புஸ் என்று ஆவி வந்தது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னும் முப்பது சுட்டேன். அந்த மாதிரி நாலு காலை. அதோடு அதன் குறி போய்விட்டது. கணக்குப் பார்த்தால் எண்ணூறு, தொள்ளாயிரம்தான்.

அதே தோட்டாவில் இரண்டாவது ரைஃபிள் இப்போது 2,000 தாண்டி நன்றாகச் சுடுகிறது. இப்போதெல்லாம் இரண்டு ரைஃபிள் கொண்டுபோகிறேன். ஒன்று ஆறும்வரை இன்னொன்று, பெரும்பாலும் ஒரு .223. குழலை உள்ளங்கையால் பிடித்து ஐந்து எண்ணும்வரை வைத்திருக்க முடியவில்லை என்றால் கீழே வைத்துவிடுவேன்.

மானுக்குப் போகிறவன் ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு சுடுவான், அதுவும் குளிர்ந்த குழலில். .264-க்கு அதெல்லாம் கொசுக்கடி.

#7 மலைச்சரிவு

நன்றி. ஆக என் வேகத்தில் சுட்டால் ஆயிரம் என்பதே இருபத்தைந்து வருஷம். அப்புறம் எதற்கு இத்தனை கூச்சல்?

#8 கடைசல்பட்டறை

தம்பி, கூச்சலில் பாதி பழைய கதை, பாதி நியாயம். குழல் மாட்டிக் கழற்றுவதுதான் என் பிழைப்பு, அதனால் கையில் பார்த்ததைச் சொல்கிறேன்.

போன வருஷம் ஒருவர் .264 குழலை மாற்றக் கொண்டுவந்தார். ஆயிரத்துச் சொச்சம் சுட்டது. கழற்றிய குழலை வேண்டாம் என்று விட்டுப் போனார். அதை அறுவையில் வைத்து நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தேன். தோட்டா உட்காரும் அறை கண்ணாடி மாதிரி இருந்தது. அறை முடிந்து குண்டு புரிக்குள் நுழையும் இடம், நாங்கள் தொண்டை என்போமே, அங்கே ஆரம்பித்தது. நீர் வற்றிய ஏரியின் சேற்றைப் பார்த்திருப்பாய், பாளம் பாளமாக வெடித்து ஓரங்கள் சுருண்டு நிற்கும். அதே படம் நகக்கண் அளவில். முதல் ஓர் அங்குலத்தில் புரி இருந்த சுவடே இல்லை, சாம்பல் நிறத்தில் வழித்துவிட்டதுபோல. இரண்டாவது, மூன்றாவது அங்குலத்தில் புரியின் தலை மழுங்கி, வெடிப்புகள் நீளவாக்கில் ஓடின. ஐந்தாவது அங்குலத்துக்கு மேல் விரல் வைத்துத் தடவினேன், புரியின் ஓரம் இன்னும் கூர்மை. முனைப் பக்கம் நேற்றுக் கடைந்ததுபோல இருந்தது. 26 அங்குலக் குழல் நாலு அங்குலத்தால் செத்திருக்கிறது.

வெடிப்பு ஏன் வருகிறது? ஒவ்வொரு முறையும் உள்தோல் மட்டும் சட்டென்று பழுக்கக் காய்ந்து, பின்னாலிருக்கும் குளிர்ந்த எஃகு அதே வேகத்தில் அதை ஆற்றிவிடுகிறது. தினம் நூறு முறை கொல்லன் உலையில் வைத்துத் தண்ணீரில் முக்குவது மாதிரி. அந்தத் தோல் கடினமாகி, எளிதில் உடையும் தன்மைக்கு மாறி வெடிக்கிறது. வெடிப்புக்குள் வாயு புகுந்து ஓரங்களைப் பிய்த்துக்கொண்டு போகிறது. பாதி எரிந்த மருந்து மணிகளும் மணல் வீசுவதுபோல அடிக்கின்றன.

இனி உன் ரைஃபிள். நானூறா நாலாயிரமா என்று வாய்ச்சொல்லை நம்பாதே. மூன்று காரியம் செய்.

குழலுக்குள் விட்டுப் பார்க்கும் கேமரா, போர்ஸ்கோப், ஒன்று கடன் வாங்கு. செல்போனில் மாட்டுகிற சின்னது போதும். முதலில் கரியையும் செம்பையும் சுத்தமாக எடுத்துவிட்டுப் பார், இல்லையென்றால் அழுக்கே அழகாகத் தெரியும். வெடிப்பு எத்தனை அங்குலம் வரை ஓடுகிறது என்று குறித்துக்கொள். வெடிப்பைப் பார்த்ததும் மூர்ச்சையாகிவிடாதே. நல்ல குழலிலும் இருநூறு, முந்நூறில் லேசாகக் கோடு விழும். என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் போர்ஸ்கோப் வாங்கிய மறுநாள் வருகிறவர்கள்.

இரண்டாவது, குண்டு புரியைத் தொடும் நீளத்தை அள. ஆனால் இங்கே ஒரு சூட்சுமம்: பழைய .264-களின் தொண்டை பிறவியிலேயே வேறு மாதிரி. ஆலையில் அடைத்து வந்த 140 கிரெயின் குண்டு இரண்டு விட்டம் கொண்டது, முன்பாதி மெலிந்திருக்கும். அதற்கென்று வெட்டிய தொண்டை. இன்றைய குண்டை வைத்து அளந்துவிட்டு "ஐயோ, தேய்ந்துவிட்டது" என்று விற்பவரிடம் சண்டைக்குப் போகாதே.

மூன்றாவதுதான் தீர்ப்பு. குழலை ஆறவிட்டு ஆறவிட்டு ஐந்து குண்டு சுடு. மூன்று இல்லை, ஐந்து.

#9 எண்கணக்கு

பழைய கதை என்று சொன்னீர்களே, அதற்கு ஒரு சுவையான முன்கதை உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் .303-க்குக் கார்டைட் மருந்தைக் கொண்டுவந்தபோது அதில் 58 சதவீதம் நைட்ரோகிளிசரின். கரிமருந்துக்காக வடிவமைத்த லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளின் ஆழமில்லாத, ஓரம் மழுங்கிய புரியை அது தின்று தீர்த்தது. 1895-இல் ஆழமான சதுரப் புரியோடு லீ-என்ஃபீல்டு வந்தது. அப்புறம் மருந்தையும் திருத்தி நைட்ரோகிளிசரினை 30 சதவீதத்துக்கு இறக்கினார்கள். ஆக, புரியையும் மாற்ற வேண்டியிருந்தது, மருந்தையும் மாற்ற வேண்டியிருந்தது.

இன்றைக்கும் அதே கதைதான். நைட்ரோகிளிசரின் கலந்த மருந்து பொதுவாகக் கூடுதல் வேகமும் கூடுதல் சூடும் தரும். தானே தோட்டா அடைப்பவர்கள் விநாடிக்குக் கடைசி 50 அடி வேகத்துக்கு ஆசைப்பட்டு அதற்கு மாறினால் தொண்டைதான் வட்டி கட்டும்.

1935-இல் வந்த .220 ஸ்விஃப்ட் தோட்டாவை மறந்துவிடக் கூடாது. 48 கிரெயின் குண்டு விநாடிக்கு 4,110 அடி. "குழல் தின்னி" என்ற பட்டம் பரவலாக ஒட்டிக்கொண்டது அதற்குத்தான். அக்கால எஃகு, சுத்தம் செய்யாத பழக்கம், தரைஅணில் செய்ததுபோலச் சூட்டோடு சூடாகச் சுட்டது எல்லாம் சேர்ந்த பட்டம் அது.

#10 தரைஅணில்

என்னை உதாரணமாக்கிவிட்டீர்கள். வரலாற்றில் இடம் கிடைத்தது, சந்தோஷம்.

#11 பழையமுப்பது

சரி, விளையாட்டுப் பேச்சு போதும். நான் .30-06 என்று சொல்வது பிடிவாதத்தால் மட்டும் இல்லை. ஒரு காலத்தில் நானும் வேகப் பைத்தியம். 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் வைத்திருந்தேன். குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது இறைச்சிக்கு. ஒரு கிடா மான் புதரை விட்டு 50 கெஜத்தில் வெளியே வந்தது, தோளில் சுட்டேன். விழுந்தது, சரி. தோலை உரித்தபோது தோள் முழுக்க ரத்தம் கட்டிக் கூழாகிக் கிடந்தது. குண்டு உள்ளேயே சிதறியிருக்கிறது, உறை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம். இரண்டு முன்னங்கால் இறைச்சியையும் வீச வேண்டியதாகிவிட்டது. வேகமான தோட்டாவை எல்லோரும் 400 கெஜத்துக்காக வாங்குகிறார்கள். மான் எனக்கு எப்போதும் 50 கெஜத்தில்தான் வந்து நிற்கிறது.

#12 ஆயிரம்கெஜம்

அது தோட்டாவின் குற்றம் இல்லை ஐயா, குண்டின் குற்றம். முழுச் செம்பில் செய்த குண்டு என்றால் அந்த வேகத்திலும் சிதறாது, இதழ் விரித்துத் துளைத்துக்கொண்டு போகும். சொல்லப்போனால் செம்புக் குண்டு விரிவதற்கு வேகம் வேண்டும். அதற்கு .264 மாதிரித் தோட்டாக்கள் பொருத்தம்.

#13 பழையமுப்பது

தோளில் சுடாமல் விலாவில் சுட்டிருக்கலாம் என்று என் மனைவியும் சொன்னாள். இரண்டு பேரும் சரிதான்.

#14 எண்கணக்கு

வேகத்தால் கிடைப்பது என்ன என்பதையும் ஒருமுறை எடை போடுவோம்.

140 கிரெயின் குண்டு. கிரீட்மூரில் சுமார் 42 கிரெயின் மருந்து, விநாடிக்கு 2,700 அடி. .264-இல் 60-க்கு மேல் மருந்து, 3,030 அடி. மருந்து ஒன்றரை மடங்கு, வேகம் எட்டில் ஒரு பங்கு கூடுதல்.

இரண்டையும் 200 கெஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்தால், 300 கெஜத்தில் கிரீட்மூர் ஏறக்குறைய 8 அங்குலம் இறங்கும், .264 அதைவிட ஒன்றரை அங்குலம் குறைவாக இறங்கும். 400 கெஜத்தில் வித்தியாசம் ஐந்து அங்குலம் அளவில். தூரம் அளக்கும் கருவி எல்லோர் கழுத்திலும் தொங்காத காலத்தில் இந்த ஐந்து அங்குலம் பெரிய வரம். 1959-இல் .264-ஐ வாங்கியவர் கண்ணால் தூரம் மதித்துச் சுட்டவர். இன்று பொத்தானை அழுத்தினால் 372 என்று எண் வந்துவிடுகிறது, ஸ்கோப்பைத் திருகிவிட்டுச் சுடலாம். இறக்கத்தைக் கருவி பார்த்துக்கொள்ளும். காற்றைப் பார்த்துக்கொள்ளாது. அங்கே வேகம் கொஞ்சம் உதவும். ஆனால் 10 மைல் காற்றை 5 மைல் என்று தப்பாக மதித்தால் எந்தத் தோட்டாவும் காப்பாற்றாது.

விலை கொடுப்பது எங்கே? உதையில். எட்டரைப் பவுண்டு ரைஃபிள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் கிரீட்மூர் 12 அடி-பவுண்டு, .264 சுமார் 19, 26 நோஸ்லர் 25 பக்கம் போகிறது. குண்டு அதே தடிமன்தான். கூடுதல் உதையில் பெரும்பங்கு அந்தக் கூடுதல் மருந்து வெளியே சீறுவதால் வருவது.

#15 கடைசல்பட்டறை

அத்தோடு குழல் நீளம். மெதுவாக எரியும் மருந்து அவ்வளவையும் எரித்து முடிக்க 26 அங்குலம் வேண்டும். .264-ஐ 24 அங்குலத்திலும் 22 அங்குலத்திலும் வெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சத்தமும் தீப்பிழம்பும் மேக்னம், வேகம் .270 வின்செஸ்டர். 1962-இல் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் வந்ததும் .264 ஓரங்கட்டப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னும் கனமான குண்டைப் போட முடிந்ததும் ஒரு காரணம்.

இப்போது பலர் சத்தம் குறைக்கும் சப்ரஸர் மாட்டுவதற்காகக் குட்டைக் குழல் கேட்கிறார்கள். குட்டைக் குழலும் பெரிய கூடும் சேரவே சேராது.

#16 மலைச்சரிவு

இரண்டு கேள்வி. துருப்பிடிக்காத எஃகு, நைட்ரைட் பூச்சு, கார்பன் நார் சுற்றிய குழல், இதெல்லாம் ஆயுளைக் கூட்டுமா? அடுத்தது, தொண்டை போனால் முன்னால் வெட்டித் தள்ளி மறுபடி அறை கடையலாம் என்கிறார்களே?

#17 கடைசல்பட்டறை

துருப்பிடிக்காத எஃகு கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், போகும்போது சட்டென்று போகும். நைட்ரைட் கொஞ்சம் உதவும். கார்பன் நார் எடையைக் குறைக்கும், தொண்டைக்கு ஒன்றும் செய்யாது. நெருப்பு படுவது உள்ளே இருக்கும் எஃகில், நாருக்கு அது தெரியவே தெரியாது.

வெட்டித் தள்ளலாம். பின்பக்கம் ஓர் அங்குலம் எடுத்துவிட்டு மறுபடி அறை கடைவது. .308-இல் அது நல்ல வியாபாரம். .264-இல் வெடிப்பு மூன்று, நாலு அங்குலம் ஓடியிருக்கும், ஓர் அங்குலம் வெட்டினால் மிச்சம் உள்ளேயே இருக்கும். கூலியும் புதுக் குழலுக்கு ஆவதில் பாதிக்கு வந்துவிடும். நான் செய்ய மாட்டேன், செய்யச் சொல்லவும் மாட்டேன்.

மாடல் 70-இல் இன்னொரு வசதி. தோட்டாவின் அடியைப் பிடிக்கும் போல்ட் முகம் பட்டை போட்ட மேக்னம் அளவு. நாளைக்கு இந்தக் குழல் போனாலும் அதே போல்ட்டில் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னமோ .300 வின்செஸ்டர் மேக்னமோ மாட்டலாம். 6.5 பிஆர்சி என்ற தோட்டாவின் அடியும் அதே அளவுதான்.

#18 ஒற்றைத்தடம்

எல்லாவற்றையும் படித்தேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் .264-ஐ பதினொரு வருஷம் வைத்திருந்தவன் நான்.

புதிதாக வாங்கினேன். வாங்கும்போதே "ஆயிரம்தான், பார்த்துச் செலவு செய்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதை மந்திரம்போலப் பிடித்துக்கொண்டேன். ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு தோட்டாவையும் எழுதினேன். வேட்டைக் காலம் தொடங்கும் முன் மூன்று சுட்டுக் குறி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன், அதுவும் மேசையில் மணல்பை வைத்து. மூன்றும் ஓர் அங்குலத்துக்குள். திருப்தியாக உறையில் போட்டுவிடுவேன். படுத்துச் சுட்டுப் பழகியதில்லை, உட்கார்ந்து முழங்காலில் முட்டுக்கொடுத்துச் சுட்டதில்லை, 300 கெஜத்துக்கு மேல் ஒரு காகிதத்தைக்கூடச் சுட்டதில்லை. குழல் தேய்ந்துவிடுமே.

ஏழாவது வருஷம், 340 கெஜத்தில் ஒரு பெண் மான். சரிவில் உட்கார்ந்திருந்தேன், மூச்சு வாங்கியது, காற்று இடமிருந்து. உதை வரப்போகிறது என்று தோள் முன்கூட்டியே இறுகியது. அது எனக்கே தெரிந்தது, தெரிந்தும் விசையை இழுத்தேன். குண்டு பின்னால் போய் வயிற்றில் பட்டது. இருட்டும்வரை தடம் பார்த்துப் போனேன். ரத்தம் சொட்டு சொட்டாக, அப்புறம் கால் மணி நேரத்துக்கு ஒரு சொட்டு, அப்புறம் இல்லை. மறுநாள் மதியம் கண்டுபிடித்தேன். நரிகள் முந்திவிட்டன.

அந்த ரைஃபிளை விற்கும்போது வாங்கியவர் போர்ஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, பதினொரு வருஷக் குழலா இது, புதுசு மாதிரி இருக்கிறதே" என்றார். நோட்டில் கூட்டிப் பார்த்தேன், 96 தோட்டா.

நீங்கள் வருஷத்துக்கு 30, 40 என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் மேசையில் எத்தனை, காட்டில் சுடும் நிலையில் எத்தனை?

#19 மலைச்சரிவு

நேர்மையாகச் சொன்னால் முப்பதும் மேசையில்தான்.

#20 ஆயிரம்கெஜம்

ஒற்றைத்தடம் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு வழி மட்டும். அதே எடையில், அதே விசை அழுத்தத்தில் ஒரு .223 வைத்துக்கொள்ளுங்கள். குந்துவது, முட்டுக்கொடுப்பது, காற்று பார்ப்பது எல்லாம் அதில் பழகுங்கள். .223 குழல் ஆயிரக்கணக்கில் தாங்கும், உதையும் இல்லை. ஆனால் உதைக்கு அஞ்சாமல் இருக்கப் பெரிய ரைஃபிளிலும் சுட்டுத்தான் ஆக வேண்டும், அதற்குக் குறுக்கு வழி இல்லை.

#21 பழையமுப்பது

இல்லையென்றால் .30-06 வாங்கி இரண்டையும் ஒன்றிலேயே செய்யலாம். சரி, சரி, போகிறேன்.

#22 மலைச்சரிவு

நிலவரம் சொல்கிறேன். விற்பவர் பெருந்தன்மையாக இரண்டு நாள் கொடுத்துவிட்டார்.

போர்ஸ்கோப்பில் பார்ப்பதற்கு முன் சுத்தம் செய்ததில் துணித்துண்டுகள் நீலப்பச்சையாக வந்துகொண்டே இருந்தன. பதினைந்தாவது துண்டில்தான் வெள்ளை தெரிந்தது. அறையின் கழுத்துப் பக்கம் கரி ஒரு வளையமாக இறுகிப் போயிருந்தது, அதை எடுக்கத் தனியாக ஒரு மாலை போனது. அப்புறம் பார்த்தால் கடைசல்பட்டறை அண்ணன் சொன்ன ஏரிச்சேறு அப்படியே. முதல் அரை அங்குலம் நன்றாக வெடித்திருக்கிறது, வெடிப்பு இரண்டரை அங்குலம் வரை ஓடுகிறது. புரி இருக்கிறது, தலை மழுங்கியிருக்கிறது.

ஐந்து சுட்டேன், ஒவ்வொன்றுக்கும் நாலு நிமிஷம் விட்டு. 1.4 அங்குலம். மறுநாள் இன்னொரு ஐந்து, 1.3. முதல் குண்டு இரண்டு நாளும் ஒரே இடத்தில்.

#23 கடைசல்பட்டறை

நானூறு இல்லை, எழுநூறு பக்கம் இருக்கும் என்று என் கண்ணுக்குப் படுகிறது. அவர் பொய் சொன்னார் என்று நினைக்காதே, யாரும் எண்ணுவதில்லை, ஒற்றைத்தடத்தைத் தவிர. கரி வளையத்தை எடுத்தது நல்ல காரியம், அதை விட்டால் அழுத்தம் ஏறும். குளிர்ந்த குழலின் முதல் குண்டு ஒரே இடத்தில் விழுகிறது என்றால் வேட்டைக்கு வேறென்ன வேண்டும்? பாதி தேய்ந்த குழல் என்று சொல்லி விலையைக் குறைத்துக் கேள். வாங்கு. பிறகு பயப்படாமல் சுடு. அது எப்படியும் போகப்போகிற குழல்.

தொண்டைக்கு அளந்த நீளத்தைத் தேதியோடு எழுதி வை. இருநூறு தோட்டாவுக்கு ஒருமுறை அள. தனியாக ஒரு குண்டு மட்டும் காரணமில்லாமல் இரண்டு அங்குலம் தள்ளி விழ ஆரம்பித்தால் என்னிடம் வா.

#24 ஒற்றைத்தடம்

வாங்கினால் எத்தனை தோட்டா சேர்த்து வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.

#25 மலைச்சரிவு

வாங்கிவிட்டேன். தோட்டா நூறு. இரண்டு வாரத்தில் 60 தீர்ந்துவிட்டது. மேசையில் பத்து, மீதி எல்லாம் தரையில் உட்கார்ந்தும் சாய்ந்தும், 300 கெஜத்தில் ஒரு தட்டு இரும்பை நோக்கி. முதல் நாள் பதினைந்தில் நாலு பட்டது. தோள் இறுகுகிறது, எனக்கும் தெரிகிறது. இன்று பதினைந்தில் ஒன்பது.

குழல் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கிறது. அது ஆறுவதற்குள் இதைத் தட்டச்சு செய்துவிட்டேன், இன்னும் ஐந்து பாக்கி.